ஸ்டுடியோவிலிருந்து கண்காட்சிச் சுவர் வரை: சென்னையில் ஓவிய நண்பர்களைப் பின்தொடர ஒரு முழு வழிகாட்டி

சென்னையில் ஓவியக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் பலரும் திறப்பு விழா அன்று மட்டும் போகிறார்கள். படம் பார்க்க அதைவிட மோசமான நாள் கிடையாது. படங்களுக்கு முன்னால் முதுகுகள் நிற்கும், கையில் டீ இருக்கும், வரைந்தவரோ வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லியே களைத்துப் போயிருப்பார். மறுநாள் வாட்ஸ்அப்பில் ‘ஷோ பிரமாதம்’ என்று ஒரு வரி. அடுத்த அழைப்பிதழ் வரும்வரை அந்த நண்பரின் வேலைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை.

இங்கே சொல்லப்போவது வேறு முறை. தெரிந்த ஓவியர், சிற்பி, அச்சோவியர் (தகட்டில் செதுக்கிக் காகிதத்தில் அச்செடுப்பவர்) என்று மூன்று நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொள்வது. ஒரு படத்தை அவர்கள் வேலை செய்யும் இடத்தில் பாதியில் பார்ப்பது, அதையே பிறகு கேலரிச் சுவரில் பார்ப்பது, நடுவில் என்ன மாறியது என்று கவனிப்பது. இதைச் சில வருடங்கள் செய்தால் போதும். கலைப் படிப்பு தேவையில்லை, பணமும் அதிகம் வேண்டாம். நேரமும் கொஞ்சம் நாசூக்கும் வேண்டும்.

1. யாரைப் பின்தொடர்வது

உங்கள் வட்டத்திலேயே ஒருவர் இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். பள்ளியில் கூடப் படித்தவர், அலுவலக நண்பரின் தம்பி, தெருவில் குழந்தைகளுக்கு டிராயிங் சொல்லித் தருகிற அக்கா, யாராகவும் இருக்கலாம். புகழ் முக்கியமில்லை, தொடர்ந்து வேலை செய்கிறாரா என்பதுதான் முக்கியம்.

அப்படி யாரும் இல்லையென்றால் முதலில் எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் மாணவர் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். பெரிய கேலரிகளில் கிடைக்காத ஒன்று அங்கே உண்டு: படைத்தவர் தன் படத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, யாராவது கேட்பார்களா என்று காத்திருப்பார். கேளுங்கள். இரண்டாவது இடம் கிரீம்ஸ் சாலையில் உள்ள, தேசியக் கலை நிறுவனமான லலித் கலா அகாடமியின் மண்டல மையம். காட்சிக் கூடங்களோடு பலர் சேர்ந்து வேலை செய்யும் ஸ்டுடியோக்களும் அங்கே இருப்பதால், சுவரில் தொங்குகிற படத்தையும் மேசையில் உருவாகிற படத்தையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். மூன்றாவது, பலர் யோசிக்காத இடம்: ஜனவரிப் புத்தகக் காட்சி. அட்டைப்படமும் உள்ளே கோட்டோவியமும் வரைந்தவர் யார் என்று புத்தகத்தின் உள்பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சிறுபத்திரிகைகளும் நவீன ஓவியர்களும் ஒன்றாக வளர்ந்த ஊர் இது. ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளை கேலரியில் பார்த்தவர்களைவிடப் பத்திரிகைப் பக்கங்களில் பார்த்தவர்கள்தான் அதிகம்.

நால்வரும் ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டாம். ஒருவர் கேன்வாஸ், ஒருவர் அச்சு, ஒருவர் சிற்பம் என்று கலந்திருந்தால் ஒருவரிடம் கற்றதை இன்னொருவரிடம் கேள்வியாகக் கேட்கலாம்.

2. போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம் கதை

சென்னை ஓவியர் யாரிடம் பேசினாலும் ‘எங்க மாஸ்டர்’ என்று ஒருவர் வருவார். அந்த மாஸ்டருக்கும் ஒரு மாஸ்டர் இருப்பார். பெரும்பாலும் அந்தச் சங்கிலி எழும்பூரில் போய் முடியும்.

1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கவின் கலைக் கல்லூரி. நீண்ட காலம் கைத்தொழில் கற்றுத்தருவதே அதன் நோக்கமாக இருந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில்தான் ஓவியமும் சிற்பமும் அங்கே முன்னுக்கு வந்தன. மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பின் 1957-இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். மேற்கைப் பார்த்து வரையாமல் நம் கோலம், ஜாதகக் கட்டம், கோயில் சிற்பம், எழுத்து வடிவம் இவற்றிலிருந்து நவீன ஓவியம் பிறக்க முடியுமா என்ற கேள்வி அந்த வகுப்பறைகளில் சூடு பிடித்தது. சென்னை ஓவிய இயக்கம் என்று பிற்பாடு பெயர் பெற்றது அதுதான். ஆதிமூலம், சந்தானராஜ், முனுசாமி, ஆர்.பி. பாஸ்கரன், அல்போன்சோ தாஸ், ராமானுஜம் என்று ஆளுக்கொரு பாணி. ஆனாலும் கோட்டின் மேல் இருந்த பிடிமானம் பொதுவானது.

படித்து முடித்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கவலையிலிருந்து 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றிய துணி) முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் சவுக்குத் தோப்பும் மணலுமாக இருந்த கடலோர நிலத்தை வாங்கினார்கள். கலைஞர்கள் தங்கள் சொந்தக் கையுழைப்பில் ஊர் கட்டிக்கொண்ட கதை இந்தியாவில் அபூர்வம். உங்கள் நண்பர் இருபத்தைந்து வயது இளைஞராக இருந்து, இந்தப் பெயர்களை எல்லாம் ‘பழைய ஆளுங்க’ என்று தள்ளினாலும் பரவாயில்லை. எதைத் தள்ளுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேச்சு நன்றாக நடக்கும்.

3. ஸ்டுடியோவுக்குப் போவது

சொல்லாமல் போகாதீர்கள். ‘அந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்’ என்பது உறவினர் வீட்டுக்குச் சரி, ஈர வண்ணத்தோடு நிற்கிறவருக்குச் சரியில்லை. போனில் அழைத்து, ‘வேலை நடக்கிற நாள்ல வரலாமா, இல்ல முடிஞ்சப்புறம் வரட்டுமா’ என்று கேளுங்கள். சிலருக்கு யாராவது பக்கத்தில் இருந்தால் கை ஓடாது. வேறு சிலருக்குப் பேசிக்கொண்டே வரைவதுதான் பிடிக்கும்.

ஸ்டுடியோ என்றதும் உயரமான கூரையும் வடக்கு வெளிச்சமும் கொண்ட கூடத்தைக் கற்பனை செய்யாதீர்கள். மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை, வாடகை வீட்டின் முன்ஹால், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஈசல் (படத்தைத் தாங்கும் சட்டம்). சென்னை ஸ்டுடியோ பெரும்பாலும் இதுதான். இடம் படத்தைத் தீர்மானிக்கிறது என்பதை முதல் முறையே பார்த்துவிடலாம். ஒருவர் ஏன் இரண்டடிக்கு மேல் கேன்வாஸ் எடுப்பதில்லை என்பதற்கு மாடிப்படியின் திருப்பம்கூடக் காரணமாக இருக்கும். மே மாதத்து ஷீட் கூரையின் கீழ் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும், அதனால் சிலர் விடியற்காலையில்தான் வரைவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் ஈரத்தை இழுத்து அலையலையாக வளையும், வாட்டர்கலர்காரர்கள் கேன்வாஸுக்கு மாறுவார்கள். இதெல்லாம் கேட்டலாக்கில் வராது.

உள்ளே போனதும் முதல் பத்து நிமிடம் கருத்து எதுவும் சொல்லாமல் பாருங்கள். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கும் படங்களை நீங்களாகத் திருப்ப வேண்டாம். காரணத்தோடுதான் அப்படி வைத்திருப்பார். படம் எடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். அதை எங்கும் பகிர வேண்டும் என்றால் தனியாக ஒருமுறை கேளுங்கள். முடியாத படம் ஒன்று இன்ஸ்டாகிராமில் உலாவுவது வரைகிறவருக்குப் பெரிய தொந்தரவு, யார் யாரோ யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்ற கேள்வி வேண்டாம். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்திருக்கும், உங்களுக்கும் மனப்பாடமான பதில்தான் கிடைக்கும். மாறாக, கையைப் பற்றிக் கேளுங்கள். ‘எந்த இடத்துல ஆரம்பிச்சீங்க?’ ‘இந்தப் பச்சைக்குக் கீழ என்ன இருக்கு?’ ‘எதை அழிச்சீங்க?’ ‘இது முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?’ கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் ஓவியர், பெரும்பாலும் ஒரு நீண்ட மௌனத்துக்குப் பிறகுதான் சொல்வார். பொறுத்திருங்கள். ‘எங்க வீட்டு ஹால் சோபாவுக்கு மேட்சா இருக்கும்’ என்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லிவிடாதீர்கள்.

வெறுங்கையோடு போக வேண்டாம், பெரிதாகவும் வேண்டாம். வடை, பழம், ஒரு கட்டு நல்ல பருத்தித் துணி. துணிதான் அதிகம் உதவும், தூரிகை துடைக்க எவ்வளவு இருந்தாலும் போதாது.

4. எந்த வேலையில் எதைக் கவனிப்பது

நால்வரில் ஒருவராவது அச்சோவியராக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு படம் எப்படி வளர்ந்தது என்பதற்கு வேறு எந்த முறையும் இவ்வளவு தெளிவான தடயம் விடுவதில்லை. எச்சிங்கை எடுத்துக்கொள்வோம். துத்தநாகத் தகட்டின் மேல் அமிலம் ஏறாத மெழுகுப் பூச்சு ஒன்றைத் தடவுவார்கள். ஊசியால் கீறினால் பூச்சு விலகி உலோகம் தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அதிக நேரம் கிடந்தால் கோடு ஆழமாகி, அச்சில் கருப்பாக விழும். பிறகு மையைத் தேய்த்து, மல் துணியால் துடைத்து, பள்ளத்தில் மட்டும் மை தங்கியிருக்க, ஈரமாக்கிய காகிதத்தை மேலே வைத்து உருளை அழுத்தத்தில் ஓட்டுவார்கள். காகிதத்தைத் தூக்கும்போது படம் இடவலம் மாறி வரும். ஒரு தடவை அச்செடுத்துப் பார்த்து, தகட்டில் மேலும் வேலை செய்து, மறுபடி அச்செடுப்பார்கள். அந்தச் சோதனை அச்சுகளைப் பலரும் தூக்கிப் போடுவதில்லை. ‘ப்ரூஃப் எல்லாம் வரிசையா பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். ஒரு மனிதர் யோசித்து யோசித்து மாற்றியது அத்தனையும் மேசை மேல் வரிசையாகக் கிடக்கும்.

அச்சின் கீழே பென்சிலில் 4/15 என்று இருந்தால், மொத்தம் பதினைந்து பிரதிகளில் இது நான்காவது. ஏ.பி. என்றால் கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதி. ‘ஜெராக்ஸ் மாதிரியா?’ என்று கேட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் கையால் மை பூசி எடுத்த அசல்.

சிற்பியிடம் போனால் பொருளை எப்படி இணைத்திருக்கிறார் என்று பாருங்கள். சென்னையில் உலோகத் தகட்டைத் தட்டியும் பற்றவைத்தும் செய்யும் மரபு வலுவானது. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்கள், நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்தவை. இரண்டையும் முன்பக்கத்திலிருந்து பார்க்கவே அமைத்திருப்பார்கள், நம் கோயில் மூர்த்திகளைப் போல. வார்ப்பு செய்கிறவர் என்றால் மெழுகு நிலையிலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில்தான் உலோகம் போய் நிறையும் என்பதால், மெழுகில் பதிந்த விரல் ரேகைகூட வெண்கலத்தில் நிற்கும். அப்புறம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய், திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நில்லுங்கள். உங்களுக்கு அவர் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார், நிறுத்த மாட்டார்.

கேன்வாஸ்காரர்களிடம் அடுக்குகளைக் கவனியுங்கள். அனுமதி வாங்கி, போகும் ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும். அக்ரிலிக் வேகமாக மாறும், ஆயில் மெதுவாக. தடிமனாகப் பூசிய ஆயில் காய வாரக்கணக்கில் ஆகும்.

5. கண்காட்சிக்கு முந்தைய வாரம்

நல்ல நண்பர் தேவைப்படுவது இப்போதுதான். கூடத்தை ஓவியரே வாடகைக்கு எடுத்து நடத்தும் கண்காட்சிகள் இங்கே நிறைய. கூட வாடகை, ஃப்ரேம், அழைப்பிதழ், வண்டி என்று முன்பணமாகவே பெரிய தொகை கைவிட்டுப் போயிருக்கும், படம் ஒன்றுகூட விற்றிருக்காது. நீங்கள் செய்யக்கூடியவை உடலுழைப்பும் ஒழுங்கும்.

படங்களைக் கட்டும்போது பபிள் ராப்பை நேராக வண்ணத்தின் மேல் சுற்றாதீர்கள். சென்னை வெயிலில் அக்ரிலிக் இளகி, குமிழ் தடம் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் பபிள் ராப். இரண்டு கேன்வாஸ்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவே அட்டை கொடுத்து நிமிர்த்தி வையுங்கள். குட்டி யானையில் ஏற்றினால் யாராவது ஒருவர் பின்னால் படங்களோடு உட்கார்ந்து வர வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் வந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும். எந்தப் படம் எதன் பக்கத்தில் என்பதைச் சுவரில் ஆணி அடிக்கும் முன் தரையில் சாய்த்து வைத்து முடிவு செய்வார்கள். அங்கே இருந்தால் ஸ்டுடியோவில் பார்த்த ஒரு படம் இன்னொன்றின் பக்கத்தில் வந்ததும் மங்குவதையும், ஓரமாகக் கிடந்த சின்னப் படம் திடீரென்று சுவரைப் பிடித்துக்கொள்வதையும் நேரில் பார்க்கலாம். யோசனை கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

6. திறப்பு விழாவும் அதற்குப் பிறகும்

திறப்பு விழாவுக்குப் போக வேண்டும், படம் பார்க்க அல்ல, கூட நிற்க. குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை, சமோசா. பேச்சாளர்களில் ஒருவர் படங்களைப் பார்க்காமலேயே பேசுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கக்கூடிய நிலையில் இருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அழைத்துப் போங்கள். அறிமுகம் செய்துவிட்டு விலகிவிடுங்கள்.

உண்மையான பார்வைக்கு ஒரு வார நாள் பிற்பகலில் திரும்பப் போக வேண்டும். கூடத்தை ஒருமுறை நிற்காமல் சுற்றி வாருங்கள். கால் தானாக எங்கே தயங்கியதோ அந்தப் படத்துக்குத் திரும்பி, பத்து நிமிடம் அதன் முன்னால் இருங்கள். பெயர்ச்சீட்டைக் கடைசியில் படியுங்கள். பிறகு ஸ்டுடியோவில் பார்த்ததை நினைவுபடுத்தி நோட்டில் எழுதுங்கள்: எது போயிற்று, எது கூடியது, வெளிச்சம் மாறியதால் எந்த நிறம் வேறாகத் தெரிகிறது. ‘அருமை’ என்று எழுதினால் அது குறிப்பு ஆகாது. ‘இடது ஓரத்து நாற்காலியை எடுத்துவிட்டார், இப்போது ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை, அது நன்றாக இருக்கிறது’ என்பது குறிப்பு. ஒரு வாரம் கழித்து இதை அவரிடமே சொல்லுங்கள். திறப்பு விழாவில் கேட்ட எந்தப் பாராட்டைவிடவும் அவருக்கு இது பயன்படும், நாற்காலியை எடுத்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும்.

7. இரண்டு சுற்றுகள்

நகருக்குள் ஒரு நாள்: காலையில் எழும்பூர் அருங்காட்சியகம், பிறகு கிரீம்ஸ் சாலை லலித் கலா, அங்கிருந்து நுங்கம்பாக்கம். கல்லூரிச் சாலையில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட் பக்கம் ஜெர்மன் பண்பாட்டு மையமான கதே நிலையம், சுற்றியுள்ள தனியார் கேலரிகள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நாள்: முதலில் சோழமண்டலம். 2009 முதல் அங்கே சென்னை இயக்கத்துக்கான நிரந்தர அருங்காட்சியகம் இருக்கிறது, வெளியே மரங்களுக்கு நடுவே சிற்பங்கள். அங்கே அவசரப்படாதீர்கள். பிறகு முட்டுக்காட்டில் தென்னிந்தியப் பாரம்பரிய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் தக்ஷிணசித்ரா, அங்கும் சமகால ஓவியங்களுக்கான கேலரி உண்டு. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். சுவரோவியம் செய்யும் நண்பர் இருந்தால் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் உள்ள கண்ணகி நகருக்கு அவரோடு போய் 2020 முதல் குடியிருப்புச் சுவர்களில் வரைந்தவற்றைப் பாருங்கள். அது மக்கள் வசிக்கும் இடம், வாசலில் நின்று போட்டோ எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை.

டிசம்பர் முதல் மார்ச் வரை கண்காட்சிகள் நெருக்கியடிக்கும். ஸ்டுடியோக்களுக்கு அதற்கு முந்தைய மாதங்களே நல்லவை.

8. பணம்

நண்பரிடம் இனாமாகப் படம் கேட்கக் கூடாது. ‘சும்மா ஒரு ஸ்கெட்ச் போட்டுக் குடுடா’ என்பதும் இதில் சேரும். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காதீர்கள்.

பெரிய கேன்வாஸ் வாங்க முடியாதவர்களுக்குக் கோட்டோவியங்களும் அச்சுகளும் இருக்கின்றன, தவணையில் கொடுக்கப் பலர் சம்மதிப்பார்கள். கேலரிகள் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் சரிபாதி வரை கமிஷன் எடுப்பது வழக்கம். அதனால் கண்காட்சியில் பார்த்த படத்தை, ‘கேலரிக்குத் தெரியாம வீட்டுல வந்து வாங்கிக்கிறேன், விலையைக் குறைங்க’ என்று கேட்பவர்கள் உண்டு. நட்பின் பெயரில் செய்யும் மோசமான காரியம் இது. விஷயம் தெரிந்தால் அந்தச் சுவர் அவருக்கு மறுபடி கிடைக்காது. எதை வாங்கினாலும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, கையொப்பம் உள்ள சான்றையும் ரசீதையும் வாங்கி வையுங்கள். வீட்டில் வெயில் நேராக விழும் சுவரும் குளியலறைச் சுவரும் ஆகாது. காகித ஓவியத்துக்கு அமிலமற்ற மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை) போடச் சொல்லுங்கள், கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும்.

9. கண்காட்சி இல்லாத வருடங்கள்

எந்த ஓவியருக்கும் இது வரும். சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட் வேலை, பள்ளி வாத்தியார் வேலை, அம்மாவின் ஆஸ்பத்திரி, அல்லது ஒன்றும் இல்லாமலேயே கை நின்றுவிடுவது. ‘அடுத்த ஷோ எப்போ?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பழைய படங்களுக்கு ஒரு பட்டியல் போடலாமா என்று கேளுங்கள். எந்தப் படம் யாரிடம் போனது என்ற கணக்கு பலரிடம் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அது போதாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துப் படம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கையொப்பம் என மூன்று போட்டோ. பின்பக்கத்தை விடாதீர்கள், தேதியும் பழைய கண்காட்சிச் சீட்டும் அங்கேதான் ஒட்டியிருக்கும். அளவை உயரம், அகலம் என்ற வரிசையில் செ.மீ.-இல் குறியுங்கள். விற்றவை யாரிடம், எந்த வருடம் என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கதை வேறு பக்கம் போனால் போகட்டும், அதையும் எழுதுங்கள். முடிந்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவரிடமும் மற்றதை உங்கள் வீட்டிலும் வையுங்கள். தரைத்தளத்தில் குடியிருக்கிறவர்கள் மட்டும் பரண் மேல் வைத்துக்கொள்ளவும்.